டியூப்பா, சாலிட் ஸ்டேட்டா? ஒரு கிதார், இரண்டு ப்ரீஆம்ப், மூன்று குறைகள்

ஒரு கிதார் கலைஞரிடம் இரண்டு ப்ரீஆம்ப்கள் (கிதாரின் சிறிய சிக்னலை முதலில் பெருக்கி நிறம் கொடுப்பவை) இருந்தன. ஒன்று 12ஏஎக்ஸ்7 டியூப்களால் (வெற்றிடக் குழாய்களால்) ஆன மூன்று நிலை மின்சுற்று. மற்றொன்று ஆப்-ஆம்ப்பும் (டிரான்சிஸ்டர்களால் ஆன பெருக்கிச் சில்லு) டையோடும் (ஒரு திசையில் மட்டும் மின்னோட்டம் விடும் உறுப்பு) கொண்ட, டியூப் இல்லாத சாலிட் ஸ்டேட் சுற்று. டியூப் சுற்றில் அவருக்குக் குறையே இல்லை. சாலிட் ஸ்டேட்டில் மூன்று குறைகள் சொன்னார். கார்டு (பல சுரங்களின் கூட்டு) அடித்தால் சுரங்கள் ஒன்றுக்குள் ஒன்று புதைந்து கூழாகின்றன. கிதாரின் வால்யூம் குமிழைக் குறைத்தாலும் டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்கும் சிதைவு) தெளிவதில்லை. நீளமாக நிற்க விட்ட சுரம் கடைசிவரை ஒரே மாதிரி இரைந்துவிட்டுச் சட்டென்று அறுபடுகிறது. "டிரான்சிஸ்டர்னாலே இப்படித்தான் சார், டியூப்போட சூடு அதுக்கு வராது" என்பது அவர் முடிவு.

குறைகள் மூன்றும் உண்மை. ஆனால் இரண்டு சுற்றுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அளந்து பார்த்தபோது, அந்த மூன்றில் இரண்டுக்கு டிரான்சிஸ்டருக்கும் டியூப்புக்கும் உள்ள வேறுபாடு காரணமே அல்ல என்று தெரிந்தது. மூன்றாவதிலும் ஒரு பகுதிக்குத்தான் காரணம். அந்தப் பகுதியும் பெரும்பாலோர் நினைக்கும் இடத்தில் இல்லை.

ஒப்பீட்டுக்கு ஒரே கிதார், ஒரே பவர் ஆம்ப், ஒரே கேபினெட். இரண்டு ப்ரீஆம்ப்களின் வெளியீட்டு அளவும் சமமாக்கப்பட்டது. இதைச் செய்யாத ஒப்பீடு எதுவும் செல்லாது. சற்று உரக்கக் கேட்பதைக் காது எப்போதும் நல்ல ஒலி என்றே எடுத்துக்கொள்ளும்.

சுற்றுகள்

டியூப்புக்குள் கேத்தோடிலிருந்து பிளேட்டுக்குப் பாயும் எலெக்ட்ரான்களை நடுவில் இருக்கும் கிரிட் கட்டுப்படுத்துகிறது; சிக்னல் நுழைவது கிரிட்டில், பெருகி வெளிவருவது பிளேட்டில். டியூப் ப்ரீஆம்ப்பின் சப்ளை 300 வோல்ட். ஒவ்வொரு நிலையிலும் பிளேட்டில் 100 கிலோ ஓம். முதல் நிலையின் கேத்தோடில் 2.7 கிலோ ஓம், அதன் குறுக்கே 0.68 மைக்ரோஃபாரட் பைபாஸ் கெப்பாசிட்டர். இரண்டாம் நிலையின் கேத்தோடில் 10 கிலோ ஓம், பைபாஸ் கெப்பாசிட்டர் கிடையாது. மூன்றாவதில் 820 ஓம், பைபாஸ் உண்டு. நிலைகளுக்கு இடையே, நிலையான வோல்ட்டைத் தடுத்துச் சிக்னலை மட்டும் கடத்தும் 22 நானோஃபாரட் கப்ளிங் கெப்பாசிட்டர், பிறகு 470 கிலோ ஓம் ஜோடி ஒன்று சிக்னலைப் பாதியாக்குகிறது. மார்ஷலின் மாஸ்டர் வால்யூம் ஆம்ப்களைத் திறந்து பார்த்தவர்களுக்கு இந்த 10 கிலோ ஓம் பழக்கமானது. 'கோல்டு கிளிப்பர்' என்று சொல்லப்படும் நிலை அதுதான்.

சாலிட் ஸ்டேட்டின் அமைப்பு எளிது. பிளஸ் மைனஸ் 15 வோல்ட் சப்ளையில் டிஎல்072, ஒரே சில்லுக்குள் இரண்டு ஆப்-ஆம்ப். முதல் பாதி 100 மடங்கு பெருக்குகிறது, இரண்டாம் பாதி 10 மடங்கு. அதன் பின் ஒரு மின்தடை, அதைத் தொடர்ந்து எதிரெதிராக வைத்த இரண்டு 1என்4148 டையோடுகள் கிரவுண்டுக்கு. கப்ளிங் கெப்பாசிட்டர்கள் எல்லாம் தாராள அளவு, கிதாரின் அடிச்சுரம் வரை எதுவும் குறையாமல் உள்ளே போகிறது. டையோடுக்குப் பிறகு டோன் குமிழைத் தவிர வடிகட்டி எதுவும் இல்லை.

சைன் அலைப் பரிசோதனை

இந்த விஷயத்தைப் பேசும் எவரும் முதலில் ஹார்மோனிக் (சுரத்தின் அதிர்வெண்ணுக்கு இரண்டு, மூன்று என முழு மடங்கில் எழும் துணை ஒலி) பட்டியலைத்தான் எடுப்பார்கள். டியூப் இரண்டாம் ஹார்மோனிக் தரும், அது சுரத்தின் மேல் ஸ்தாயி என்பதால் இனிமை. டிரான்சிஸ்டர் மூன்று, ஐந்து, ஏழு என்று ஒற்றைப்படை தரும், ஏழாவது எந்தச் சுர வரிசையிலும் ஒழுங்காக உட்காராது என்பதால் கடுமை. இந்தப் பேச்சுக்கு நல்ல வேர் ஒன்று உண்டு. நியூயார்க்கில் ஒலிப்பதிவுக் கூடத்தில் பணியாற்றிய ரஸ்ஸல் ஹாம், ஆடியோ இன்ஜினியரிங் சொசைட்டியின் இதழில் 1973இல் வெளியிட்ட கட்டுரையில், அளவுக்கு மீறிய சிக்னல் வரும்போது டியூப், டிரான்சிஸ்டர், ஆப்-ஆம்ப் மூன்றும் எப்படி வெவ்வேறு ஹார்மோனிக்குகளைத் தருகின்றன என்று காட்டினார். கவனமான வேலை அது. ஆனால் அவர் அளந்தது மைக்ரோஃபோன் ப்ரீஆம்ப்களை. ஒலிப்பதிவில் எப்போதாவது ஓர் உரத்த ஒலி எல்லையைச் சற்றே தாண்டும் நிலைமை அது. கிதார் ப்ரீஆம்ப்பில் சிக்னல் எல்லையைத் தாண்டியே குடியிருக்கிறது. ஒன்றின் பட்டியலை மற்றொன்றுக்கு அப்படியே பொருத்துவது சரியல்ல.

நம் இரண்டு சுற்றுகளிலும் சைன் அலை (ஒரே அதிர்வெண் மட்டும் கொண்ட தூய அலை) செலுத்திப் பார்த்தோம். குறைந்த அளவில் பட்டியல் சொல்வது நடந்தது. டியூப்பின் வெளியீட்டில் இரண்டாம் ஹார்மோனிக் தெளிவாக இருந்தது. சாலிட் ஸ்டேட்டில் இரண்டு பக்கமும் ஒரே டையோடு என்பதால் ஒற்றைப்படை மட்டுமே. அளவைக் கூட்டக் கூட்ட இரண்டு அலைவடிவங்களும் சதுரத்தை நோக்கிப் போயின. நிலையான சைன் அலையில் இரண்டும் இவ்வளவு நெருங்கும்போது காதுக்கு ஏன் இவ்வளவு தூரம்? அதற்கு நிலையான அலையில் விடை கிடைக்காது. கிதாரின் சுரம் பிறந்த கணத்திலிருந்து தேய்ந்துகொண்டே போவது. அந்தத் தேய்வின் வழியாகத்தான் சுற்றைப் பார்க்க வேண்டும்.

எத்தனை மில்லிவோல்ட்டில் தொடங்குகிறது

முதல் பெரிய விடை வெறும் கணக்கில் கிடைத்தது. சாலிட் ஸ்டேட்டில் மொத்தப் பெருக்கம் 1000. டையோடு தட்டையாக்கத் தொடங்குவது சுமார் 0.6 வோல்ட்டில். அப்படியானால் கிதாரிலிருந்து 0.6 மில்லிவோல்ட் வந்தாலே கிளிப் (அலையின் உச்சி வெட்டுப்பட்டுத் தட்டையாவது) தொடங்கிவிடும். பிக்கப் (தந்தியின் அதிர்வை மின் சிக்னலாக்கும் உறுப்பு) உச்சத்தில் 200 மில்லிவோல்ட் தருகிறது என்று வைத்துக்கொண்டால், சுரம் தெளிவதற்கு அது 50 டெசிபல் தேய வேண்டும். அதற்குள் அது இரைச்சலில் மூழ்கிவிடும். வால்யூமைப் பத்தில் ஒன்றாகக் குறைத்தாலும் 20 மில்லிவோல்ட். கிளிப் எல்லைக்கு அது இன்னும் 33 மடங்கு மேலே. எங்கிருந்து தெளியும்?

டியூப்பில் இதே கணக்கு வேறு விதமாகப் போகிறது. முதல் நிலை சுமார் 60 மடங்கு. பாதியாகிறது. இரண்டாம் நிலையில் பைபாஸ் இல்லாத 10 கிலோ ஓம் தன் நெகட்டிவ் ஃபீட்பேக்கால் பெருக்கத்தை 8 மடங்குக்கு இறக்கிவிடுகிறது. மறுபடி பாதி. ஆக மூன்றாம் நிலையின் கிரிட் வரை மொத்தம் 120 மடங்கு. அந்த நிலையின் பயாஸ் (சிக்னல் இல்லாதபோது கிரிட்டுக்கும் கேத்தோடுக்கும் உள்ள வோல்ட் வேறுபாடு) 1.2 வோல்ட் அளவு; சிக்னல் அதைத் தாண்டினால் கிளிப். ஆகவே கிளிப் தொடங்குவது கிதாரின் 10 மில்லிவோல்ட்டில். வால்யூமைப் பத்தில் ஒன்றாக்கினால் 20 மில்லிவோல்ட், எல்லைக்கு வெறும் 6 டெசிபல் மேலே. அந்த இடத்தில் ஒலி பாதி தெளிவு, பாதி கரகரப்பு. டியூப் ரசிகர்கள் 'வால்யூமைக் குறைத்தால் தெளிகிறது' என்று பாராட்டும் குணம் இதுதான்.

புகாரின் இரண்டாவது குறை முழுவதும், மூன்றாவதில் பாதி, இங்கேயே தீர்ந்துவிட்டது. ஒரு சுற்றுக்கு மற்றதைவிட 16 மடங்கு குறைந்த சிக்னல் போதுமென்றால் அதை டிரான்சிஸ்டரின் குணம் என்று சொல்ல முடியாது. வடிவமைத்தவர் பெருக்கத்தை அள்ளிக் கொடுத்திருக்கிறார், அவ்வளவுதான். ஆப்-ஆம்ப்பில் பெருக்கம் இரண்டு மின்தடைகளில் கிடைத்துவிடுவதால் அந்தச் சபலம் எளிதில் வரும்.

மென்மையான கிளிப், கடினமான கிளிப் என்ற பிரிவும் இதோடு சேர்ந்தது. சிலிக்கான் டையோடு திடீரென்று திறப்பதில்லை. ஏறக்குறைய ஒவ்வொரு 0.1 வோல்ட்டுக்கும் அதன் மின்னோட்டம் பத்து மடங்காகிறது. 0.4 வோல்ட்டிலிருந்து 0.6 வரை அது மெல்ல வளையும் வளைவுதான். ஆனால் அதை நோக்கி வரும் சிக்னல் 10 வோல்ட் என்றால் அந்த 0.2 வோல்ட் வளைவு யார் கண்ணுக்குத் தெரியும்? சிக்னல் 1 வோல்ட் என்றால் அதே டையோடு மென்மையாக நடந்துகொள்கிறது. மென்மை டையோடில் பாதி, அதை எவ்வளவு ஓட்டுகிறோம் என்பதில் பாதி.

டியூப் சுற்றில் இன்னொரு நல்ல விஷயமும் தெரிந்தது. 10 கிலோ ஓம் நிலையின் பிளேட் மேல்நோக்கி 30 வோல்ட்தான் போக முடியும், அதோடு டியூப் முற்றிலும் அடைபடும். கீழ்நோக்கி நூறு வோல்ட்டுக்கு மேல் இடம் இருக்கிறது. அடைபடுவதற்கு அதன் கிரிட்டில் கீழ்நோக்கி 4 வோல்ட் வேண்டும். கிதார் அளவில் அது 130 மில்லிவோல்ட். எனவே 10 மில்லிவோல்ட்டுக்கும் 130க்கும் இடையே மூன்றாம் நிலை மட்டும் கிளிப் ஆகிறது. அதற்கு மேலே அழுத்தி மீட்டினால் இரண்டாம் நிலையும் ஒரு பக்கமாக வெட்டத் தொடங்குகிறது. மீட்டிய கணத்தில் இரண்டு நிலைகள், சுரம் தேயும்போது ஒன்று, கடைசியில் எதுவுமில்லை. ஒரே சுரத்தின் ஆயுளுக்குள் ஒலியின் நிறம் இப்படி மாறிக்கொண்டே போகிறது. சாலிட் ஸ்டேட்டில் ஒரே டையோடு ஜோடி முதலிலிருந்து கடைசிவரை வேலை செய்கிறது.

சமச்சீரின்மை மட்டும் போதாது

இந்த ஆய்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. விரிவாகவே சொல்கிறேன்.

இரட்டைப்படை ஹார்மோனிக் வேண்டுமென்றால் அலையின் இரண்டு பக்கங்களையும் வெவ்வேறு அளவில் வெட்டு என்பது பரவலான அறிவுரை. ஒரு பக்கம் ஒரு டையோடு, மறு பக்கம் இரண்டு. பாஸின் எஸ்டி-1 பெடலில் இருப்பது இந்த ஏற்பாடுதான். குறைந்த ஓட்டத்தில் (டையோடை நோக்கி வரும் சிக்னல் சிறிதாக இருக்கும்போது) இது பலிக்கும். இப்போது ஓட்டத்தை நன்றாகக் கூட்டுங்கள். மேலே 0.6 வோல்ட்டிலும் கீழே 1.2 வோல்ட்டிலும் தட்டையான ஒரு சதுர அலை கிடைக்கும். அலை பூச்சியத்தைக் கடக்கும் நேரங்கள் மாறவே இல்லை. மேலே இருக்கும் நேரமும் கீழே இருக்கும் நேரமும் சரிபாதி. அடுத்து வரும் கப்ளிங் கெப்பாசிட்டர் அதன் சராசரி அளவான மைனஸ் 0.3 வோல்ட்டை நீக்கிவிட்டால் மிஞ்சுவது பிளஸ் மைனஸ் 0.9 வோல்ட்டில் முழுச் சமச்சீரான சதுர அலை. இரட்டைப்படை ஹார்மோனிக் காணாமல் போய்விட்டது! மூன்றாவது டையோடைச் சேர்த்துவிட்டு 'ஒன்றும் வித்தியாசம் தெரியவில்லையே' என்று பலர் சோர்ந்துபோவதற்குக் காரணம் இதுவே.

ஆக, அதிக ஓட்டத்தில் இரட்டைப்படை நிலைத்திருக்க உயரங்கள் வேறாக இருந்தால் போதாது. மேலே இருக்கும் நேரமும் கீழே இருக்கும் நேரமும் வேறாக வேண்டும். அதாவது பூச்சியக் கோடே நகர வேண்டும்.

டியூப் இதைத் தானாகச் செய்கிறது. கிரிட் கேத்தோடைவிட நேர்மின்னாகப் போக முற்பட்டால் கிரிட்டுக்கும் கேத்தோடுக்கும் இடையே மின்னோட்டம் பாயத் தொடங்குகிறது. அந்தக் கணத்தில் அது ஒரு டையோடு. முன்னால் இருக்கும் கப்ளிங் கெப்பாசிட்டர் அந்த வழியாக ஒரு பக்கமாகச் சார்ஜ் ஏறுகிறது. அலை திரும்பும்போது அந்தச் சார்ஜ் வெளியேற 22 நானோஃபாரடும் ஏறத்தாழ ஒரு மெகா ஓமும்தான் வழி, அதற்கு 20 மில்லிவினாடிக்கு மேல் ஆகிறது. கிதாரின் தடித்த ஈ தந்தி 82.4 ஹெர்ட்ஸ், அதன் ஒரு சுழற்சி 12 மில்லிவினாடி. ஆகவே சார்ஜ் இறங்குவதற்குள் அடுத்த உச்சம் வந்து மறுபடி ஏற்றிவிடுகிறது. கிரிட்டின் சராசரி கீழே நகர்ந்து அங்கேயே நிற்கிறது. எவ்வளவு பலமாக மீட்டுகிறோமோ அவ்வளவு நகர்வு. சுரம் தேயத் தேய அது மெல்லத் திரும்பி வருகிறது.

அலையைத் திரையில் வரையும் ஆசிலோஸ்கோப்பில் இதைப் பார்ப்பது அலாதியான அனுபவம். மீட்டிய கணத்தில் மேலும் கீழும் ஏறக்குறைய சமமாக இருந்த அலை, சில சுழற்சிகளுக்குள் ஒரு பக்கமாக ஒடுங்குகிறது, பிறகு விரிந்துகொண்டே வருகிறது. டியூப்பில் ஒலி 'மலர்கிறது' என்று வாசிப்பவர்கள் சொல்வது இந்த அசைவைத்தான் என்பது என் எண்ணம். நிலையான சைன் அலையில் எடுத்த ஹார்மோனிக் பட்டியலில் இதற்கு இடமே இல்லை. பட்டியலில் நேரம் என்ற பத்தியே கிடையாது.

அளவு மீறினால் இதே குணம் நோயாகும். கிரிட் அதிக நேரம் கீழே மாட்டிக்கொண்டால் டியூப் அடைபட்டு, பலமாக மீட்டியதும் ஒலி விக்கி, பிறகு வெடித்து வரும். பிளாக்கிங் டிஸ்டார்ஷன் என்பது இதன் பெயர். கிரிட்டுக்கு முன்னால் 470 கிலோ ஓம் வைத்திருப்பது சிக்னலைக் குறைக்க மட்டும் அல்ல, கெப்பாசிட்டர் வேகமாகச் சார்ஜ் ஏறாமல் தடுக்கவும்தான். நல்ல டியூப் ப்ரீஆம்ப் என்பது இந்த நகர்வை ஒழித்த ப்ரீஆம்ப் அல்ல, அதை அளவோடு விட்டுவைத்த ப்ரீஆம்ப்.

கார்டு ஏன் கூழானது

இரண்டு சுரங்கள் சேர்ந்து எந்தக் கிளிப்பருக்குள் போனாலும் அவற்றின் கூட்டலும் கழித்தலும் புதிய ஒலிகளாக வெளிவரும். ஏ சுரம் 110 ஹெர்ட்ஸ், அதன் ஐந்தாவதான ஈ 164.8 ஹெர்ட்ஸ். வித்தியாசம் 54.8. ஏறக்குறைய ஏவின் கீழ் ஸ்தாயி. இந்த இரண்டு சுரங்களின் கூட்டான பவர் கார்டு டிஸ்டார்ஷனில் கம்பீரமாக ஒலிப்பதற்கு இதுவே காரணம். பேஸ் கிதார் இல்லாமலே ஒரு பேஸ் சேர்ந்துகொள்கிறது. ஐந்தாவதுக்குப் பதில் மேஜர் மூன்றாவதை எடுத்தால் 138.6 ஹெர்ட்ஸ். ஏவின் ஐந்தாம் ஹார்மோனிக் 550, இதன் நான்காம் ஹார்மோனிக் 554.4. இரண்டும் வினாடிக்கு நான்கு முறைக்கு மேல் மோதி அதிர்கின்றன. சம இடைவெளிச் சுருதி அமைப்பின் விளைவு இது. எந்த டியூப்பும் இதை மாற்ற முடியாது.

ஆகவே கேள்வி, எந்தச் சுரம் கிளிப்பரை ஆள்கிறது என்பதுதான். சாலிட் ஸ்டேட்டில் தாழ்ந்த தந்திகள் முழு பலத்தோடு டையோடை அடைந்து அதைப் பிடித்துக்கொள்கின்றன, மேல் சுரங்கள் அவற்றின் மேல் ஒட்டிக்கொண்டு வெட்டுப்படுகின்றன. டியூப்பின் முதல் நிலையில் இருக்கும் 0.68 மைக்ரோஃபாரட் இதை முன்கூட்டியே தடுத்துவிடுகிறது. 230 ஹெர்ட்ஸுக்குக் கீழே பெருக்கம் சரியத் தொடங்கி, 87 ஹெர்ட்ஸுக்கும் கீழே 8 டெசிபல் வரை குறைந்துவிடுகிறது. மெலிந்த சிக்னல்தான் கிளிப்புக்குப் போகிறது, பேஸ் பின்னால் வரும் டோன் சுற்றிலும் கேபினெட்டிலும் திரும்பச் சேர்கிறது. ஐபனேஸ் டியூப் ஸ்க்ரீமர் பெடலில் இதே வேலையை 4.7 கிலோ ஓமும் 0.047 மைக்ரோஃபாரடும் 720 ஹெர்ட்ஸில் இன்னும் கண்டிப்பாகச் செய்கின்றன. அது முழுக்க சாலிட் ஸ்டேட் என்பதைக் கவனியுங்கள்.

கிளிப்புக்குப் பின்னால் டியூப்புக்கு இன்னொரு சலுகை இலவசமாகக் கிடைக்கிறது. 12ஏஎக்ஸ்7இன் கிரிட்டுக்கும் பிளேட்டுக்கும் இடையே 1.6 பைக்கோஃபாரட்தான். பெருக்கம் 60 என்றால் முந்தைய நிலை அதை 100 பைக்கோஃபாரடாகப் பார்க்கிறது. 470 கிலோ ஓம் ஜோடியோடு சேர்ந்து அது 7 கிலோஹெர்ட்ஸில் ஒரு வடிகட்டி. முந்தைய நிலை வெட்டிய விளிம்பு அடுத்த நிலைக்குள் நுழையும் முன் உருண்டுவிடுகிறது.

மாற்றியமைத்தவை

சாலிட் ஸ்டேட் பலகையில் ஆப்-ஆம்ப்பும் டையோடும் அப்படியே இருந்தன. முதல் பாதியின் பெருக்கம் 100லிருந்து 20 ஆனது, இரண்டாம் பாதி 10லிருந்து 3. மொத்தம் 60, ஆகவே கிளிப் எல்லை 10 மில்லிவோல்ட், டியூப்பின் அதே இடம். முதல் பாதியின் ஃபீட்பேக் காலில் 1 கிலோ ஓமோடு 1 மைக்ரோஃபாரட் சேர்ந்ததால் 160 ஹெர்ட்ஸுக்குக் கீழே பேஸ் அடங்கியது.

இரண்டு பாதிகளுக்கும் நடுவே 47 கிலோ ஓம், 22 நானோஃபாரட், கிரவுண்டுக்கு 1 மெகா ஓம். அந்த மெகா ஓமின் குறுக்கே ஒரு சிவப்பு எல்இடியும் ஒரு 1என்4148ம் தொடராக, ஒரே திசையில். இரண்டும் சேர்ந்து சுமார் 2.3 வோல்ட்டில் திறக்கும். கிதார் அளவில் 115 மில்லிவோல்ட். பலமாக மீட்டினால் மட்டும் அது திறந்து கெப்பாசிட்டரை ஒரு பக்கமாகச் சார்ஜ் செய்கிறது, 1 மெகா ஓம் வழியாக 22 மில்லிவினாடியில் இறங்குகிறது. கிரிட் செய்யும் வேலையை இங்கே ஓர் எல்இடி செய்கிறது. 200 மில்லிவோல்ட் உச்சத்தில் இந்த இடத்துக்கு வருவது 4 வோல்ட். சார்ஜ் முழுதாக ஏறினால் அலை 1.7 வோல்ட் கீழே நகரும், அப்போது அது பூச்சியத்துக்கு மேலே இருக்கும் நேரம் பாதியிலிருந்து 36 சதவீதமாகச் சுருங்கும். இரட்டைப்படை ஹார்மோனிக் இங்கேதான் பிறக்கிறது.

இதைச் செய்ய விரும்புபவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. இந்த இடத்திலிருந்து கடைசி டையோடு ஜோடி வரை நேரடி இணைப்பாக இருக்க வேண்டும். நடுவில் ஒரு கெப்பாசிட்டரைப் போட்டால் அது அலையை மறுபடி நடுவுக்கு இழுத்துவந்து பாடுபட்ட நகர்வை அழித்துவிடும். இரண்டாம் பாதியின் ஃபீட்பேக் காலிலும் கெப்பாசிட்டர் கூடாது.

கடைசியாக, இந்த எல்இடி கிளாம்ப்புக்குப் பின் ஒன்றும் டையோடு ஜோடிக்குப் பின் ஒன்றுமாக 22 கிலோ ஓம், 1 நானோஃபாரட் வடிகட்டிகள். இரண்டும் 7 கிலோஹெர்ட்ஸ். இந்தச் சிந்தனை எதுவும் புதிதல்ல. டியூப்பின் கிளிப் நடத்தையை நிலை நிலையாக சாலிட் ஸ்டேட்டில் கட்ட பீவி நிறுவனம் 1990களிலேயே டிரான்ஸ்டியூப் வரிசையில் முனைந்தது.

கேட்டபோது

அளவைச் சமமாக்கி, எது எதுவென்று சொல்லாமல் மாற்றி மாற்றிப் போட்டபோது, கார்டுகளில் அந்தக் கிதார் கலைஞரால் நிச்சயமாகப் பிரித்துச் சொல்ல முடியவில்லை. வால்யூமைக் குறைத்தால் இரண்டுமே தெளிந்தன. சுரத்தின் வால் இயல்பாகத் தேய்ந்தது. மூன்று குறைகளும் நீங்கின.

ஒற்றைச் சுரத்தை மிகவும் பலமாக மீட்டியபோது மட்டும் டியூப்பை அவர் கண்டுபிடித்தார். நியாயமான கண்டுபிடிப்பு. டியூப்பில் கிரிட் நகர்வு ஒரே இடத்தில் நடப்பதில்லை. அதோடு கேத்தோடு பைபாஸ் கெப்பாசிட்டரும் தன் பங்குக்குப் பயாஸை நகர்த்துகிறது. நம் பலகையில் நகர்வு ஓரிடத்தில் மட்டும், அதுவும் ஒரே கால அளவில். இன்னொரு கிளாம்ப்பை வேறொரு கால அளவில் சேர்த்தால் அந்த இடைவெளியும் குறையும் என்றே கணக்கு சொல்கிறது. அதற்கு மூன்றாவது ஆப்-ஆம்ப் வேண்டும், பலகையில் இடமில்லை.

'டியூப் உள்ளே இருக்கிறது' என்று சொல்லி, அதைச் சில பத்து வோல்ட் சப்ளையில் ஓட்டும் ப்ரீஆம்ப்களைப் பற்றியும் கேட்டார். மேலே கணக்கிட்ட அளவுகள் எல்லாம் 300 வோல்ட்டுக்கு உரியவை. சப்ளை இறங்கினால் பெருக்கமும் பயாஸும் ஊசலுக்கான இடமும் மாறிவிடும், அது வேறொரு சுற்று. கண்ணாடிக்குள் ஆரஞ்சு வெளிச்சம் தெரிவதால் மட்டும் அதே ஒலி வராது. கேட்டுப் பிடித்தால் வாங்கலாம்.

டியூப் ப்ரீஆம்ப்பை அவர் விற்கவில்லை. ஒத்திகைக்கும் பயணத்துக்கும் மாற்றிய சாலிட் ஸ்டேட்டை எடுத்துப் போகிறார், ஒலிப்பதிவில் தனி வாசிப்புகளுக்கு டியூப்பை வைத்துக்கொண்டிருக்கிறார்.